பதினேழாம் ஸ்லைடில் இருந்தவர்

ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. இன்னும் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினால் எனக்குத் தெரிவது செல்கள்தான். வெளிர் நீலமாகவும் ரோஜா நிறமாகவும் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து, ஓரம் மடிந்து, நடுவில் ஒரு கரும்புள்ளியோடு மெல்ல நகர்ந்து போகும். நகர்வது அவை இல்லை, ஸ்லைடைத் தள்ளும் என் விரல்தான் என்று தூக்கத்திலும் எனக்குத் தெரியும். வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே திருகிக்கொண்டிருக்கும். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, "மேரி டூட்டியில இருக்கா, எழுப்பாதீங்க" என்று வீட்டில் இருப்பவர்களிடம் சொல்வார்.

போன மாதம் திண்டுக்கல்லில் நான் வேலை பார்த்த அந்தப் பழைய லேபுக்கு ஒரு காகித வேலையாகப் போயிருந்தேன். ஒரு மெஷின் வாங்கியிருக்கிறார்கள். ஸ்லைடுகளை அடுக்கி உள்ளே தள்ளினால் அதுவே படம் பிடித்து, சந்தேகப்படும் செல்லைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டுத் திரையில் காட்டிவிடுகிறது. என் நாற்காலியில் இப்போது இருக்கும் பிரியா, "அக்கா, இதெல்லாம் இல்லாம நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"உக்காந்து பாத்தோம்" என்றேன்.

அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும், எழுதிக் கொடுங்கள் என்று தினமும் போனில் நச்சரித்தாள். எனக்கு மெஷின் மேல் கோபம் எதுவும் இல்லை. என் கண்ணைவிட அது வேகமாகப் பார்க்கிறது, அதற்குக் கழுத்து வலியும் இல்லை. ஆனால் எழுத உட்கார்ந்தபோது சிவப்புக் கட்டத்துக்குள் வராத ஒரு விஷயம்தான் முதலில் ஞாபகம் வந்தது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பிளஸ் டூ முடித்ததும் மதுரையில் லேப் டெக்னீசியன் படிப்பு, அதற்குப் பிறகு செல்களை மட்டுமே பார்க்கும் பயிற்சி ஒரு வருடம். சுவரில் தொங்கிய படத்தில் ஒரு செல்லும், அதைச் சுற்றிப் பன்னிரண்டு அம்புக்குறிகளும் இருந்தன. மைட்டோகாண்ட்ரியா உணவை எரித்துச் சக்தி தரும், ரைபோசோம் புரதம் கட்டும், கோல்கி அதைப் பொட்டலம் போட்டு வெளியே அனுப்பும் என்று மனப்பாடம் செய்து பாஸானேன். முப்பத்தோரு வருடத்தில் ஒரு மைட்டோகாண்ட்ரியாவைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் மைக்ராஸ்கோப்புக்கு அம்புட்டுச் சின்னது எட்டாது. ஆனாலும் அவை அந்த ரோஜா நிறத்துக்குள் எங்கோ எரிந்துகொண்டிருக்கின்றன என்று தெரிந்து பார்ப்பதற்கும் தெரியாமல் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என்று யாரையும் சொல்ல மாட்டேன். வேலையை வாங்கியவர் என்று டாக்டர் கோமதியைச் சொல்வேன். எங்கள் பேத்தாலஜி டாக்டர். குள்ளமான ஆள், குரல் மட்டும் பெரியது. மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரும்போது செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார், பக்தியால் இல்லை, பாதம் தரையில் குளிர்ச்சியாகப் பட்டால்தான் தூக்கம் வராது என்பார். மேசை டிராயரில் ஒரு டப்பா நிறைய சுக்கு இருக்கும். நல்ல ஸ்லைடு என்றால் மெல்லுவார். சிக்கலான ஸ்லைடு என்றால் வாய் நின்றுவிடும். அந்த அறைக்குள் நுழையும்போதே அவர் தாடையைப் பார்த்து அன்றைய நிலைமையைத் தெரிந்துகொள்வோம்.

பெண்களின் கர்ப்பப்பை வாயிலிருந்து ஒரு மரக்குச்சியால் மெல்ல வழித்து எடுத்து, கண்ணாடி ஸ்லைடில் தடவி, அதில் புற்றுநோயின் அறிகுறி இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் பிரிவின் வேலை. தடவிய கையோடு ஸ்லைடை ஸ்பிரிட்டில் போட வேண்டும். செத்த நேரம் காற்றுப் பட்டாலும் செல் காய்ந்து, நடுவில் இருக்கும் உட்கரு ஊதிப்போய், நல்ல செல்லே நோயுள்ளதுபோலக் காட்டும். முகாமுக்குப் போகும் நர்ஸ்களுக்கு நான் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. தடவியதும் மனதுக்குள் அருள் நிறைந்த மரியே ஜெபத்தை ஆரம்பி, பாதி ஜெபம் வருவதற்குள் ஸ்லைடு ஸ்பிரிட்டுக்குள் இருக்க வேண்டும் என்பேன். இந்து நர்ஸ் ஒருத்தி அதை முழுசாக மனப்பாடம் செய்துவிட்டு, "அக்கா, எனக்கு மூணாவது வார்த்தையிலேயே உள்ள போயிருது" என்று பெருமை அடித்தாள்.

பிறகு சாயம். ஊதா நிறச் சாயம் உட்கருவுக்கு, ஆரஞ்சும் பச்சையும் அதைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசத்துக்கு. முதல் சாயம் ஏறியதும் செல் அழுக்குச் சிவப்பாக நிற்கும். குழாய்த் தண்ணீரில் கழுவும்போதுதான் அது நீலத்துக்குத் திரும்பும். அதற்கு எங்கள் போர்த் தண்ணீர் போல வராது. அந்த உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, ஆனால் உட்கருவை அது அழகான நீலமாக்கிவிடும். குழாயடியில் நின்று அந்த நிறம் மாறுவதைப் பார்ப்பது என் தினசரி சந்தோஷங்களில் ஒன்று.

டாக்டரம்மாவிடம் ஒரு ஸ்லைடைக் கொண்டுபோனால் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது. "பேரு எனக்கு வேணாம். பாத்ததைச் சொல்லு. வெளியில இருந்து உள்ள வா" என்பார். முதலில் செல்லின் எல்லை, அதாவது எதை உள்ளே விடுவது எதை வெளியே நிறுத்துவது என்று பார்த்துக்கொள்ளும் சவ்வு, ஒழுங்காக இருக்கிறதா. அடுத்து சைட்டோபிளாசம், எல்லா வேலையும் நடக்கும் இடம், நிறைய இருக்கிறதா, வற்றிவிட்டதா. அதற்குப் பிறகு உட்கரு. அதன் தோல் வழுவழுப்பா, கசங்கியிருக்கிறதா. கடைசியாக அதற்குள் இருக்கும் குரோமாட்டின். ஒரு மனுஷி எப்படி இருக்க வேண்டும் என்ற முழுக் குறிப்பும் எழுதி மடித்து வைத்திருப்பது அதில்தான். அது பொடி ரவை மாதிரி சீராக இருக்கிறதா, திட்டுத்திட்டாகக் கருத்திருக்கிறதா. இந்த வரிசையில் ஒன்றைத் தாண்டினாலும் திரும்ப முதலிலிருந்து சொல்ல வைப்பார். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக வரும். போகப்போக எனக்கே அந்த நடை பிடித்துப்போனது. சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்த்து, இவர்களுக்குள்ளும் அந்த நீலப் புள்ளிகள் கோடிக்கணக்கில் ஓசையில்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருக்கின்றன என்று நினைத்தபடி இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டிருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது பதினாறு வருடத்துக்கு முன் வந்த ஒரு ஸ்லைடைப் பற்றி.

வேடசந்தூருக்கும் எரியோட்டுக்கும் நடுவில் ஒரு ஊர். அங்கே முகாம் நடத்தி ஸ்லைடு எடுத்து அனுப்பியவள் செல்வி, அந்தப் பகுதிக்குப் புதிதாக வந்திருந்த கிராம நர்ஸ். முப்பதிலிருந்து ஐம்பது வயது வரையுள்ள பெண்களின் பட்டியல் அவளிடம் இருந்தது, வீடு வீடாகச் சொல்லி வரவழைத்திருந்தாள். பதினேழாம் எண் ஸ்லைடோடு வந்த சீட்டில் முத்துலட்சுமி, வயது முப்பத்தொன்று, ஒரு குழந்தை என்று எழுதியிருந்தது.

அந்த ஸ்லைடில் செல்கள் சின்னச் சின்னதாக, உருண்டையாக, சைட்டோபிளாசம் வற்றிப்போய் இருந்தன. இந்த வயதுப் பெண்ணுக்கு அவை பெரிதாக, விரிந்து இருக்க வேண்டும். பால் கொடுக்கும் தாய்மாருக்கு ஹார்மோன் குறைந்து செல்கள் இப்படிச் சின்னதாகிவிடுவது உண்டு. ஒரு குழந்தை என்று சீட்டிலேயே இருக்கிறது, கைக்குழந்தையாக இருக்கும் என்று நானே முடிவுசெய்துகொண்டு ஸ்லைடைத் தள்ளினேன். குழந்தையின் வயதைச் சீட்டில் யாரும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. என் வேலைக்காலத்தில் நான் செய்த பெரிய தவறு அந்த அரை நிமிடத்தில் நடந்தது.

ஸ்லைடின் ஒரு மூலையில் எட்டுப் பத்து செல்கள் கும்பலாக நின்றன. உட்கரு கிட்டத்தட்ட செல் முழுவதையும் அடைத்துக்கொண்டு, தோல் கசங்கி, உள்ளே கரித்திட்டுகளோடு இருந்தது. மை பேனாவால் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் வாய் நின்றது. வெளியிலிருந்து உள்ளே வரச் சொன்னார். சொன்னேன். கேட்டுவிட்டு, "வரச் சொல்லு. இன்னொரு ஸ்லைடு எடுக்கணும்" என்றார். பெயரை இரண்டு பேருமே சொல்லவில்லை.

ஒரு பெண்ணைத் திரும்ப அழைக்கும்போது எங்கள் லேபில் ஒரு பழக்கம் இருந்தது. சந்தேகம் என்று சொல்ல மாட்டோம். ஊரில் ஒருத்திக்கு அந்த நோய் என்று வாய்தவறிச் சொன்னால் அடுத்த முகாமுக்கு ஒருத்தியும் வர மாட்டாள், சொல்லப்பட்டவள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கவும் யோசிப்பார்கள். அதனால் நான் செல்விக்குப் போன் போட்டு, "ஸ்லைடு சரியா விழலைன்னு சொல்லு. பயமுறுத்திறாதே" என்றேன். நூறு பேருக்குச் சொன்ன பொய்தான். அதில் கருணை இருக்கிறது என்று நம்பித்தான் சொன்னோம்.

ஊரில் மாரியம்மன் கோயிலுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். திருவிழா முடிந்துதான் வருவார்கள் என்றாள் செல்வி. அதற்குப் பிறகு சோள அறுப்பு. முதல் ஸ்லைடு எடுத்து ஒன்பது வாரம் கழித்து இரண்டாவது ஸ்லைடு வந்தது. நான் பயந்துகொண்டே குனிந்து பார்த்தேன். இத்தனை அழகான ஸ்லைடு அந்த வருடத்தில் வரவில்லை. செல்கள் நிறைந்து, ஓரம் மடிந்து, படகு மாதிரி நீண்டு, நடுவில் இளம் மஞ்சள் பூத்துக் கிடந்தன. உட்கருக்கள் ஒதுங்கிச் சின்னதாக, பொடி ரவையோடு இருந்தன. மூலை முடுக்கெல்லாம் மூன்று முறை தேடினேன். கெட்ட செல் ஒன்றுகூட இல்லை. மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி என்று நேர்ந்துகொண்டு சிரித்த முகத்தோடு டாக்டரம்மாவிடம் போனேன்.

அவர் சிரிக்கவில்லை. "சாயத்தை வடிகட்டினியா?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. ஒரு ஸ்லைடிலிருந்து கழன்ற செல் சாயத்தொட்டியில் மிதந்து வேறொரு ஸ்லைடில் ஒட்டிக்கொள்வது உண்டு. யாரோ ஒருத்தியின் நோய் வேறொருத்தியின் கண்ணாடியில் வந்து உட்கார்ந்துவிடும். அதற்காகத்தான் தினமும் காலையில் சாயத்தை வடிகட்டுகிறோம்.

"தினம் வடிகட்டுறேன் டாக்டரம்மா. அன்னைக்கும் வடிகட்டினேன்."

"கோவப்படாதே. ஒண்ணு அது மிதந்து வந்தது. இல்லைன்னா இந்தத் தடவை குச்சி அந்த இடத்துல படலை. எதுன்னு நாளைக்குள்ள சொல்லு. சொல்ல முடியலைன்னா முதல் ஸ்லைடு கலப்படம்னு எழுதி முடிச்சிருவேன். இந்தப் புள்ளைய எத்தனை தடவை கூப்பிடுறது?"

நான் இரண்டு ஸ்லைடுகளையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். மானம் போன கோபம்தான் முதலில் இருந்தது. மூன்று மணிக்குக் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் எல்லாம் அப்போது ஐ.சி.யூ.வுக்குத்தான். அலமாரியிலிருந்து பழைய மைக்ராஸ்கோப்பை எடுத்து ஜன்னலோரம் வைத்தேன். அதற்கு அடியில் ஒரு வட்டக் கண்ணாடி இருக்கும், அதைத் திருப்பி வானத்து வெளிச்சத்தைப் பிடித்து மேலே அனுப்ப வேண்டும். மலைக்கோட்டைக்கு மேலே மேகம் கூடிக்கொண்டிருந்தது. மேகம் போகும்போது என் செல்களின் மேல் நிழல் விழும், விலகினால் பொன்னாக வெயில் அடிக்கும். ஃபேன் ஓடவில்லை. லேபில் ஒரு சத்தமும் இல்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியவில்லை. தேடுவதையே விட்டுவிட்டேன். ஒரு குளத்தைப் பார்க்கிற மாதிரி சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் அந்தப் பத்துக் கெட்ட செல்களையே பார்த்ததில் மற்ற ஆயிரக்கணக்கான நல்ல செல்களை நான் பார்க்கவே இல்லை. அவை என்ன சொல்கின்றன? இரண்டாவது ஸ்லைடில் அந்த மஞ்சள், செல் தனக்குள் சேர்த்து வைக்கும் சர்க்கரை. படகு வடிவமும் மஞ்சளும் சேர்ந்து இவ்வளவு நிறைவாக வந்தால் பெரும்பாலும் அவள் கர்ப்பிணி. முதல் ஸ்லைடில் வற்றிய, உருண்டைச் செல்கள். பால் கொடுப்பவள் என்று நான் நினைத்தது. ஒன்பது வாரத்துக்கு முன் அந்த அளவுக்கு வற்றியிருந்தவள் இன்றைக்கு இப்படி நிறைந்து நிற்பாளா? செல் அவ்வளவு சீக்கிரம் ஆள் மாறாது. அப்படியானால் முதல் ஸ்லைடில் இருப்பவர் பால் கொடுப்பவர் இல்லை. மாதவிலக்கு நின்று பல வருடம் ஆனவர்.

கழற்றி வைத்திருந்த செருப்பை மாட்டிக்கொள்ளாமலே டாக்டரம்மா அறைக்கு ஓடினேன்.

"டாக்டரம்மா, இது ஒரு ஆள் இல்லை. ரெண்டு பேர். முதல்ல வந்தவங்களுக்கு அம்பத்தஞ்சாவது இருக்கும். இப்ப வந்தவ முழுகாம இருக்கா."

அவர் இரண்டு ஸ்லைடுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். வெகுநேரம் ஆயிற்று.

"முதல் தடவையே ஏன் சொல்லலை?"

"பால் குடுக்குறவன்னு நெனச்சுட்டேன்."

"கேட்டியா?"

"கேக்கலை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் கேக்கலை" என்றார். பிறகு, "போன்ல வேணாம். நீயே நேர்ல போ" என்று சொல்லி என் லீவு நோட்டை எடுத்து அவரே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் வேடசந்தூரில் இறங்கினேன். செல்வி மொபெட்டோடு நின்றாள். வழியெல்லாம் அவள் அழாத குறை. "அக்கா, உள்ள வர்றப்ப முந்தானையால மூஞ்சிய மூடிக்கிருவாக. நானும் மூஞ்சியப் பாக்க மாட்டேன், பாத்தா கூசுவாக. சீட்டுல இருந்த பேரைத்தான் எழுதுனேன்" என்றாள். அவளைத் திட்ட வேண்டும் என்று பஸ்ஸில் வாக்கியம் எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். ஆனால் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் இருப்பதை மரியாதை என்று நினைத்த பிள்ளையை என்னவென்று திட்டுவது?

முத்துலட்சுமியின் வீட்டு முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார் அவள் மாமியார். ஒல்லியான, நிமிர்ந்த ஆள். முத்துலட்சுமி உள்ளேயிருந்து சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். மகன் நூல் மில்லில் ஷிப்டுக்குப் போயிருந்தான். பேரன் மூன்றாம் வகுப்பு, பள்ளிக்கூடத்தில் இருந்தான். மூன்றாம் வகுப்பு என்று கேட்டதும் எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

"செத்த நேரம் உக்காருங்க. கம்மங்கஞ்சி இருக்கு, வெஞ்சனம் மோர் மிளகா. குடிச்சிட்டுப் போவீக" என்றார் மாமியார்.

"குடிக்கிறேன். முதல்ல ஒண்ணு கேக்கணும். மொத தடவை முகாமுக்கு வந்தது யாரு?"

முத்துலட்சுமி மாமியாரைப் பார்த்தாள். மாமியார் கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், திருட்டுத்தனத்தில் மாட்டிக்கொண்ட சிரிப்பு.

"நாந்தேன். என்ன செய்யச் சொல்றீக? இவளுக்கு ஏற்கெனவே ரெண்டு கலைஞ்சு போச்சு. அப்பத்தான் நாள் தள்ளிப் போயிருந்துச்சு. மூணு மாசம் ஆகாம வெளிய சொல்லக் கூடாதுல்ல? அந்த நேரம் பாத்து குச்சி வச்சு எடுக்கணும்னு பட்டியலோட வந்து நிக்கிறாக. வரலைன்னா ஏன் வரலைன்னு கேப்பாக. அதான் இவ சீட்டை வாங்கிட்டு நான் போய்ப் படுத்துட்டு வந்துட்டேன். மூணு மாசம் தாண்டவும், மறுபடி கூப்பிடவும், இவளே போயிட்டு வந்தா. இப்ப கணக்கு சரியாப் போச்சுல்ல?"

நான் செல்வியைப் பார்த்தேன்.

"நீங்கதேன் சரியா விழலைன்னு சொல்லிவிட்டீகளே. கெழவி உடம்புல என்னத்த விழுகும்னு நானும் நெனச்சுக்கிட்டேன்" என்றார்.

எங்கள் பொய்யும் அவர்கள் பொய்யும் அந்த முற்றத்தில் வந்து நேருக்கு நேர் நின்றன. இரண்டுமே ஒருத்தியைப் பயமுறுத்தக் கூடாது, காப்பாற்ற வேண்டும் என்று சொன்னவை. நோய் உள்ளவர் எங்கள் காகிதத்தில் எங்குமே இல்லை. கரண்ட் போகாமல் இருந்திருந்தால் அந்த மாதத்தோடு கோப்பை மூடியிருப்போம்.

"சரியாத்தான் விழுந்துச்சு" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன கஷ்டமான வாக்கியம் அதுதான். எனக்கு அழுகை வந்தது, அழவும் செய்தேன். அவர் எழுந்து வந்து என் கையில் அந்தச் சொம்பைக் கொடுத்தார்.

நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்ததும் அவர் ஒரு கேள்விதான் கேட்டார். "அப்ப இவளுக்கு ஒண்ணுமில்லையில்ல?"

"இவங்களுக்கு ஒண்ணுமில்லை."

"அது போதும். இவளுக்குத் தாயில்லை. இவ பிரசவத்தை நாந்தேன் பாக்கணும். நான் போயி மருதை ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டா இவளுக்கு யாரு இருக்கா? பிள்ளை பொறக்கட்டும். பிள்ளைக்குப் பதினாறாம் நாள் கும்பிட்டுட்டு நானே வாரேன்."

எவ்வளவு சொல்லியும் அசையவில்லை. கஞ்சியைக் குடித்துவிட்டு, தோற்றுப்போனவளாகத்தான் பஸ் ஏறினேன். பிரசவத்துக்கு இன்னும் ஐந்து மாதத்துக்கு மேல் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் லேப் வாசலில் இருவரும் நின்றார்கள். முத்துலட்சுமி கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். என்ன சொல்லிக் கூட்டிவந்தாளோ, மாமியார் முகம் கோபத்தில் இருந்தது. "டாக்டரம்மாகிட்டயே என் வாயால சொல்லிட்டுப் போயிர்றேன், அப்பறமாச்சும் விடுவாகள்ல" என்றார்.

டாக்டரம்மா அவரிடம் வாதாடவில்லை. "அஞ்சு மாசம் பொறுத்தா என்ன ஆகும்?" என்று மாமியார் கேட்டதற்கு, "ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம். இப்ப கையளவுல இருக்கிறது கைமீறியும் போகலாம். எது நடக்கும்னு எனக்குத் தெரியாது, தெரியும்னு சொன்னா பொய்" என்றார். பிறகு நான் அதுவரை கண்டிராத ஒன்றைச் செய்தார். தன் நாற்காலியிலிருந்து எழுந்து, அதில் அவரை உட்காரச் சொன்னார். அவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்திருந்தார்.

முதலில் மருமகளின் ஸ்லைடு. ஒரு கண்ணை மூடுவதா இரண்டையும் திறப்பதா என்று கொஞ்சம் தடுமாறி, பிறகு அவர் உடம்பு அப்படியே நின்றது. பழகாத கண்ணுக்கு அது தெரிந்துவிட்டது என்பது எங்களுக்குத் தெரியும், அந்த நொடியில் எல்லோருமே மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

"இது உங்க மருமக. நடுவுல மஞ்சளா இருக்கே, அது சர்க்கரை. முழுகாம இருக்கிறப்போ செல்லு சேத்து வைக்கும்" என்றார் டாக்டரம்மா.

"எம்புட்டு அழகா இருக்கு" என்றார் அவர், கண்ணை எடுக்காமல். "யாரு சொல்லிக்குடுத்தா இதுகளுக்கு?"

அடுத்து அவருடையது. நான் மைப்புள்ளி இருந்த இடத்துக்கு ஸ்லைடை நகர்த்தி வைத்தேன். டிராயரில் இருந்த சுக்கு டப்பாவை யாரும் தொடவில்லை. வெளியே குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இம்புட்டூண்டா?" என்றார் கடைசியில். "சுத்தி எல்லாம் தூங்குதுக. இதுக மட்டும் முழிச்சுக்கிட்டு இருக்குக."

அதைவிடச் சரியாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் எழுந்ததும் அவர் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, "பாத்தாச்சு. பிள்ளை பொறந்ததும் வாரேன்" என்று கிளம்பினார்.

அதுவரை சுவரோரம் நின்ற முத்துலட்சுமி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அவள் குரலை அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டேன்.

"அத்தை, அன்னைக்கு எனக்குப் பதிலா நீங்க போய்ப் படுத்தீக. இதுக்கு உங்களுக்குப் பதிலா நான் படுக்க முடியுமா? முடியும்னா சொல்லுங்க, இப்பமே படுக்கிறேன்."

மாமியார் அவளைப் பார்த்தார். அவள் வயிற்றைப் பார்த்தார். மறுபடி நாற்காலிக்கே வந்து உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பினார். சதைத்துண்டு எடுத்துச் சோதிப்பதற்கான சீட்டு என் கையில் வெறுமையாக இருந்தது.

"எழுதிக்கங்க" என்றார். "வெள்ளைத்தாயி. வயசு அம்பத்தேழோ, எட்டோ."

எழுதினேன். மதுரையில் ஆபரேஷன் முடிந்து, பேத்தி பிறப்பதற்கு முன்பே அவர் வீடு திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை, பதிமூன்று வருடம், வெள்ளைத்தாயி என்ற பெயரில் எனக்கு ஸ்லைடு வந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றையும் மூலை முடுக்கெல்லாம் மூன்று முறை தேடுவேன். எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தன.